பன்னிரண்டு ரூபாய்த் துணியும் காலடிப்பேட்டை பஸ்ஸும்

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை சைதாப்பேட்டையிலிருந்து காலடிப்பேட்டைக்குப் போனேன். கடல் பார்க்க அல்ல. என் தங்கையின் கல்யாணம் நின்றுவிடும்போல இருந்தது.

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுத்த சட்டைத்துணியை எடுத்தவன் நான். மவுண்ட் ரோடு கடையில் கஜம் பன்னிரண்டு ரூபாய். பாரிஸ் நாகரிகம் என்று சீட்டு வேறு. முதல் சலவையிலேயே சாயம் இறங்கி, மாப்பிள்ளையின் வேட்டியெல்லாம் ஊதா. அவர் துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர், பொருட்படுத்தவில்லை. அவருடைய அம்மாதான் ஆவணி முகூர்த்தத்தை யோசிக்கவேண்டும் என்று சொல்லியனுப்பினார். தங்கை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நானோ மில்லில் சாயம் சோதிக்கிறவன். வெட்கக்கேடு.

காலை 7-10க்கு மின்சார ரயில். கடற்கரை ஸ்டேஷன் வரை ஏழு மைல், மூன்று அணா. அங்கிருந்து ராயபுரத்துக்கு பஸ், ஓர் அணா. கப்பலுக்குத் துணி மூட்டை கட்டும் கடை ஒன்றில் விசாரித்தேன். கடைக்கார பாய்க்கு என் வயதுதான் இருக்கும். அந்தச் சட்டைத்துணியில் மிச்சமிருந்த துண்டை நீட்டினேன்; பார்ப்பதற்கு முன்னால் மோந்தார்.

“சாயத்துல போடற எண்ணெ வாசனை கீது பாரு. நம்ம கைலித் துணி நைனா. கப்பல்ல போயி, பேரை மாத்திகினு வந்துகீது.”

சாயம் போனால்தான் அசல், அது வாங்குகிற எல்லாருக்கும் தெரியும், உன்னைத் தவிர என்றார். அவர் விலை கஜம் ஒரு ரூபாய் இரண்டு அணா. சாட்சிக்கு அரை கஜம் வாங்கினேன்.

காலடிப்பேட்டை நாலு மைல், இரண்டு அணா. ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றதால் ஐம்பத்தைந்து நிமிஷம். மீன் கூடைகளுக்கு நடுவே நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு, இரண்டு துணியையும் நனைத்துப் பிழிந்து காட்டினேன். ஒரே ஊதா. நாங்கள் ஏமாற்றவில்லை, மவுண்ட் ரோடு கடைக்காரன்தான் ஏமாற்றினான் என்று நிரூபித்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் தண்ணீரைப் பார்க்கவேயில்லை. “சாயம் கெடக்குது. இம்மாம் வெலைக்கு ஒரு சட்டை எடுத்தா, பொண்ணாண்ட இன்னா கொறைய மூடுறீங்க?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் சோதனை இல்லை. உண்மையைச் சொன்னேன். விலையைப் பார்த்து மயங்கிவிட்டேன், தினம் இருபது சாயம் சோதிக்கிறவன் இதை ஒரு சொட்டுத் தண்ணீரில்கூட நனைத்துப் பார்க்கவில்லை என்று.

அவர் சிரித்துவிட்டார். “அப்போ கொறை பொண்ணாண்ட இல்ல. உன்னாண்டதான் கீது.”

காபி வந்தது. முகூர்த்தம் மாறவில்லை.

ஆடம்பரத் துணியைக் கண்டு ஜனங்கள் முகம் சுளிப்பது பொறாமையால் என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. பொருளுக்குப் பொருந்தாத விலை என்றால் அடியில் எதையோ மறைக்கிறது என்று படுகிறது. பாதி நேரம் அது சரிதான். ஆனால் சந்தேகம் கடைக்காரன் மேல் விழாமல் என் தங்கை மேல் விழுந்தது.

இந்த வழியில் போகிறவர்கள் பத்து மணிக்குள் ரயில்வே கேட்டைத் தாண்டிவிடுங்கள். ராயபுரத்தில் துணி வாங்கினால் தனியாகத் துவையுங்கள். ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்காராதீர்கள். என் வெள்ளைக் கால்சட்டை இப்போது ஊதா.