இரண்டாவது டக்

அலுவலகத்தில் அவருக்குப் பழைய இரும்பு என்று பேர். ஐம்பத்திரண்டு வயது, வழுக்கைத் தலை, காதில் எந்நேரமும் பாட்டு ஓடும் ஹெட்போன். ஊரே புதுசைத் தேடி ஓடும்போது, இவர் மட்டும் உற்பத்தி நின்றுபோன பிராசசர்களைத் தேடிப் போவார். கேட்டால், "பல்லு போனாலும் பசி போகாதுல்ல" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் ரகம். அவர் மனைவி இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

ஆனால் இந்த முறை அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. அவருடைய தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பதினோரு வருடமாக ஒரு பிரெயில் அச்சகத்தில், அச்சாகி வரும் பக்கங்களை விரலால் தடவிப் பிழை பார்க்கிற வேலை. காகிதத்தில் புள்ளி குத்தும் பெரிய மெஷினுக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதிலிருப்பது ஒரு பழைய குடும்பத்துப் பிராசசர். அந்தக் குடும்பத்தோடு பேசும் பகுதியை, பராமரிக்க ஆளில்லை என்று கர்னல்காரர்கள் எப்போதோ நீக்கிவிட்டார்கள். கர்னல் என்பது இயங்குதளத்தின் அடிவயிறு. அது பேசாவிட்டால் பிராசசர் வெறும் ஓட்டுச் சில்லுதான்.

பாடப் புத்தகங்கள் இப்போது நெட்வொர்க் வழியாகத்தான் வருகின்றன. அடுத்த மாதத்திலிருந்து பழைய இயங்குதளங்களுக்குக் கொடுக்கமாட்டார்களாம். அச்சக மேனேஜர் பூசி மெழுகவில்லை. "மாசக் கடைசிக்குள்ள புது கர்னல் ஓடலைன்னா மெஷினைப் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான். பிரெயில் பிரிவையும் மூடிடுவோம்" என்றார். தங்கை இதைச் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அண்ணனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நீக்கிய பகுதியை அவர் தோண்டி எடுத்தார். இத்தனை வருடத்தில் கர்னல் ஆளே மாறிப்போயிருந்தது. பழைய மூடி புதுப் பாத்திரத்தில் உட்காருமா? நினைவகம், கடிகாரம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிச் சரிசெய்தார். சனிக்கிழமைதோறும் அச்சகத்துக்குப் போய், கர்னல் சொல்வதைப் பார்க்க மெஷினின் முதுகிலுள்ள இரண்டு துளைகளில் முதலாவதில் வயரைச் செருகித் தன் லேப்டாப்போடு இணைப்பார். சுவிட்சைப் போட்டால், 'கர்னல் தொடங்குகிறது' என்று ஒரே ஒரு வரி வரும். அப்புறம் ஒன்றுமில்லை. மனசுக்குள் அறுபது வரை எண்ணுவார், அணைப்பார், எதையாவது மாற்றுவார், மறுபடி போடுவார். மூன்று சனிக்கிழமை இதே கதை. அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

கடைசிச் சனிக்கிழமை தங்கை டீயோடு உள்ளே வந்தாள். வேலை நேரத்தில் பேச்சு ஆகாது என்று அதுவரை அவளை அந்த அறைப் பக்கமே அவர் விட்டதில்லை. அவள் வந்து அவர் தோளைத் தொட்டபோதுதான் சுவிட்சை அணைத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏண்ணா அணைச்ச? இப்பதானே எழுந்திருச்சுது."

"எது?"

"மெஷின்தான். புள்ளி குத்தற தலை ஓரத்துல போய் டக்னு ரெண்டாவது தடவை முட்டுச்சே."

"கரண்ட் குடுத்தா முட்டத்தான் செய்யும்."

"கரண்டுக்கு ஒரு தடவைதான். உள்ள கம்ப்யூட்டர் எழுந்து கூப்பிட்டாதான் ரெண்டாவது டக். பதினோரு வருஷமா தினம் காலையில கேக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அவர் டீயைத் தொடாமல் மறுபடி சுவிட்சைப் போட்டார். டக். லேப்டாப்பில் அந்த ஒற்றை வரி. நாற்பது எண்ணியிருப்பார். டக்.

கர்னல் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பழைய கர்னல் ஒன்று என்று எண்ணிய துளையைப் புதுசு இரண்டு என்று எண்ணுகிறது. அவரோ எந்தத் துளையில் பேச வேண்டும் என்பதற்குப் பழைய எண்ணையே எழுதி வைத்திருந்தார். அந்த ஒற்றை வரி, கர்னலை எழுப்பிவிடும் பழைய நிரல் சொன்னது. ஆகவே அது சொன்னதெல்லாம் ஆளில்லாத துளையில் போய்க் கொட்டியிருக்கிறது. வயரைப் பிடுங்கி இரண்டாவது துளையில் செருகியதும் திரை நிறைய வரிகள் ஓடின. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார், அதுவும் காதை அடைத்துக்கொண்டு. வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணா, அழறியா?"

"டீ சூடு."

திங்களன்று புதுப் பாடம் ஒன்று நெட்வொர்க்கில் வந்து ஒழுங்காக அச்சானது. மேனேஜர் பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார்.

கர்னல் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அனுப்புகிற திருத்தத்தின் அடியில் எழுதியவர் பேரும், ஓட்டிப் பார்த்து உறுதி சொன்னவர் பேரும் இருக்கும். அவர் அனுப்பியது ஏற்கப்பட்ட அன்று, அந்தப் பக்கத்தை அதே மெஷினில் அடித்துத் தங்கையிடம் நீட்டினார். அவள் விரல் மளமளவென்று இறங்கிக் கடைசி வரியில் நின்றது. திரும்பப் போனது. இன்னொரு முறையும் போனது.

"என்ன, வாசிக்கத் தெரியாதவ மாதிரி தடவிக்கிட்டே இருக்க?"

"வேலையைப் பாக்கறேன்ணா" என்றாள், விரலை எடுக்காமல். "என் பேர்ல பிழை இருந்துடக் கூடாதுல்ல."