கழற்றாதே என்று சொன்னது நான்தான்

எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு முன்பல் இரண்டு விலகியிருந்தன. கம்பி வேண்டாம், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையை மாட்டியே நேராக்கிவிடலாம் என்றார் பல் டாக்டரம்மா. ஊரில் அப்போது அது புதிது. சாப்பிடும்போது மட்டும் கழற்ற வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை அடுத்த உறை.

முதலியார்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தி. உறையைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்தவள், பாயசம் முடிந்ததும் இலையோடு சேர்த்து மடித்துவிட்டாள். மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைக் குவியலில் முழங்கை வரை விட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை.

மாற்று உறை வந்த அன்று நானாக ஒரு சட்டம் போட்டேன்.

"வீட்டத் தவிர எங்கயும் கழட்டக் கூடாது. ஸ்கூல்ல போட்டுக்கினே சாப்புடு."

"மெல்ல முடியாதுப்பா."

"தயிர்சாதம் கட்டித் தரச் சொல்றேன். அத எதுக்கு மெல்லணும்?"

அவள் அப்படியே செய்தாள். கடற்கரையில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தபோதும் கழற்றாமலே குடித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

சில வாரத்தில் அவள் பேசினால் ஒரு புளித்த வாடை வந்தது. பிறகு ஒரு காலை, பல் துலக்கித் துப்பியதில் ரத்தம். அன்றே கூட்டிப் போனேன்.

டாக்டர் உறையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் மங்கலாக இருந்தது. சிறு கருவியால் சுரண்டினார். வெள்ளையாக, கஞ்சி ஆடைபோல் வழுவழுவென்று வந்தது.

"இது முழுக்கக் கிருமி சார். சோறும் சக்கரையும் உள்ள மாட்டிக்கிச்சு. எச்சில் போயி கழுவவும் வழியில்ல." ஈறு ஓரம் சுண்ணாம்புத் துளிகள் போல இரண்டு புள்ளிகளைக் காட்டினார். "சொத்தைக்கு ஆரம்பம். பெரிசாச்சுன்னா உறையையே நிறுத்திடுவேன். முன்பல்லுல குழி விழுந்துடும்." மகளிடம் திரும்பினார். "ஏம்மா, போட்டுக்கினேவா சாப்புட்ட?"

"மறந்துட்டேன் டாக்டர்," என்றாள் மகள். என் பக்கம் பார்க்கவேயில்லை.

பதின்மூன்று வயதுப் பெண் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். "இல்ல டாக்டர். நான்தான் கழட்டாதன்னு சொன்னேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சாப்ட்ட தட்ட கழுவாம வாயிலயே வெச்சினு இருப்பீங்களா சார்?" மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல்லில் மருந்து தடவி, புள்ளி பெரிதாகாமல் இருக்கிறதா என்று பார்க்க மூன்று வாரம் கெடு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கிருமி சாகட்டும் என்று தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். மகள் ஓடிவந்து உறையைப் பிடுங்கிக்கொண்டாள். "ஐயோ அப்பா, சுடுதண்ணில போட்டா வளைஞ்சிடும்! நீ இதத் தொடாத. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவும் பிரஷ்ஷும் பைக்குள் போயின. மதியம் கழற்றிச் சாப்பிட்டு, பள்ளிக் குழாயடியில் பல்லையும் உறையையும் தேய்த்துக் கழுவி மாட்டிக்கொள்வாள். "என்னா ஆயா, பல்செட்டா?" என்று தோழிகள் கேட்டார்களாம். "ஆமாண்டி பேத்தி, தள்ளு, கொழாய உடு" என்றாளாம். அந்த வயதில் நானாக இருந்தால் வெட்கத்தில் டப்பாவைத் திறந்தே இருக்க மாட்டேன். இவள் ஒரு நாளும் விடவில்லை. ரோஸ்மில்க்கையும் அவளே வேண்டாம் என்றாள்.

மூன்று வாரம் எனக்குச் சரியான தூக்கமில்லை. அவள் சிரிக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளிகளையே பார்த்தேன். "அப்பா, மூஞ்சியப் பாத்துப் பேசு" என்பாள்.

கெடு முடிந்த நாள் டாக்டர் பல்லில் காற்றடித்து உலர்த்தி, வெகுநேரம் பார்த்தார். ஈறு இளஞ்சிவப்பாகியிருந்தது.

"புள்ளி முழுசா மறையுமான்னு சொல்ல முடியாது. ஆனா நின்னுடுச்சு. நல்லா பாத்துக்கினு இருக்கா."

அடுத்த உறையை எடுத்து, வழக்கம்போல் என்னிடம் நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை. "அவகிட்ட குடுங்க டாக்டர்," என்றேன்.