கிண்ணமும் கதிரும் போட்ட பனியன்

என் மகள் சகாயமேரிக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்க முடியாது என்று பங்குச் சாமியார் சொன்னது 1991-ஆம் ஆண்டு தவக்காலத்தில். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

நான் லூர்துமேரி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பிழைப்புக்காகக் கணவர் அந்தோணியோடு திருப்பூர் வந்து, வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் வேலை. கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை.

சரக்கைக் கப்பலேற்றும் ஷிப்மென்ட் நெருங்கினால் எங்களுக்கு ஞாயிறு கிடையாது. டவுன் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் பூசை. நாங்கள் வேலை முடித்துப் போனால் கதவில் பூட்டுதான் தொங்கும். சின்னப் பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பவும் பயம். பூசைக்கும் ஞானோபதேச வகுப்புக்கும் வராத பிள்ளைக்குப் புதுநன்மை இல்லை என்பது சட்டம். சாமியார் கெட்டவர் இல்லை. அத்தனை பெரிய பங்குக்கு அவர் ஒருத்தர். ஆனால் அடுத்த வருஷமும் ஷிப்மென்ட் வரும், அதற்கடுத்த வருஷமும் வரும். என் பிள்ளை எப்போது நன்மை வாங்குவாள்?

அந்தோணி கோவிலுக்குள் கால் வைப்பதையே நிறுத்திவிட்டார். திருவிழாவுக்கு இழுத்துக்கொண்டு போனாலும் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். "ஆயர்கிட்ட சொல்லுவோம்" என்று நான் சொன்னால் சிரிப்பார்.

"ஒங்க பிஷப்புக்கு ஒம்பேரு தெரியுமாட்டி? நம்ம பேரு தெரியாதவர்ட்ட நம்ம கஷ்டத்த என்னன்னு சொல்லுவ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அதற்கு முன்பு ஆயர் வந்தபோதும் போயிருக்கிறேன். பேண்டு வாத்தியம், மாலை, வரவேற்புரை. பிறகு ஒவ்வொரு சங்கமாகப் பொன்னாடை. பிறகு சாப்பாடு, கார். எங்கள் ஆட்களுக்குக் கையில் மாலை இருக்கும்வரை வாயில் வார்த்தை வராது. நானும் அவர் மோதிரத்தை முத்தமிட்டுவிட்டு ஊமை மாதிரி திரும்பினேன்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்து, பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்ற அருளடையாளம் கொடுக்க ஆயர் வருகிறார் என்று அறிவித்தார்கள். நான் செக்கிங் மேசையிலேயே ஜெபிக்கத் தொடங்கினேன். கை பனியனைப் புரட்டும், உதடு செபமாலை சொல்லும். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "மாதாவே, நானாகப் பேச எனக்குத் துணிவில்லை. அவர் வாயிலிருந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி வரட்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்." இதுதான் என் மன்றாட்டு. சில நாள் அது மன்றாட்டு மாதிரி இருக்காது, சண்டை மாதிரி இருக்கும்.

வரவேற்பில் பாட்டுப் பாடும் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிச் சட்டை வேண்டும் என்று வீரபாண்டிக்காரர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனியில் தையல் கோணலால் திரும்பிய வெள்ளைப் பனியன்கள் கிடந்தன. முதலாளி இந்து. கேட்டதும், "சாமி காரியத்துக்குங்களா? தாராளமா எடுத்துக்குங்க அம்மிணி" என்றார்.

பனியனின் நெஞ்சில் நீல நிறத்தில் ஒரு படம். காலுள்ள கிண்ணம் ஒன்று, அதன் மேலே வெள்ளையாக உருண்டை, இரண்டு பக்கமும் கதிர். கீழே ஏதோ வெளிநாட்டு எழுத்து. பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. திருக்கிண்ணம், அப்பம், கோதுமைக் கதிர்! நற்கருணையே தேடி வந்தது போல இருந்தது. பக்கத்து வீட்டுத் தெரசா அக்கா பரம்பரையாக இந்த ஊர்க் கிறிஸ்தவர். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நம்ம சாமியே அனுப்பி வெச்சாப்பல இருக்குதுங்க லூர்து" என்றார். பங்குச் சாமியாரும் பார்த்துவிட்டு, ரொம்பப் பொருத்தம் என்றார்.

ஆயர் வந்தார். பேண்டு, மாலை, எல்லாம் முறைப்படி நடந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். என் சகாயமேரி முன்வரிசையில். ஆயர் புன்னகையோடு பார்த்துக்கொண்டே வந்தவர், சட்டென்று கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டு பாதியில் நின்றது.

அவர் வெளிநாட்டில் படித்தவர். மைக்கை வாங்கி, "இந்தச் சட்டையெல்லாம் யாரும்மா குடுத்தது?" என்றார்.

கேள்வி வந்துவிட்டது! எழுந்தேன்.

"நாந்தான் சாமி."

"இது என்ன படம்னு தெரியுமா?"

"நற்கருண சாமி."

"பீர்மா," என்றார். "ஜெர்மன்காரன் பீர் விளம்பரம். கிண்ணத்து மேல இருக்கறது நுரை."

கோவிலே சிரித்தது. பங்குச் சாமியார் முகம் கறுத்துப்போனது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மாதாவே, இதுவா நான் கேட்ட கேள்வி? உட்காரப் போனேன். அப்போது முன்வரிசையில் சகாயமேரி அழுவது தெரிந்தது. எங்கிருந்து வந்ததோ எனக்கு அந்தக் குரல்.

"சாமி, எங்களுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனா இந்தப் பனியன நாங்கதான் தச்சோம். ஞாயித்துக்கெழம உக்காந்து தச்சோம். அதனாலதான் பூசைக்கு வர முடியல. வராததுனால எம்புள்ளைக்கு நன்மை இல்லன்னுட்டாங்க. வீரபாண்டியில என்ன மாதிரி நெறைய பேரு இருக்கோம். நாங்க வேணும்னு வராம இருக்கல சாமி."

ஆயர் போர்த்தியிருந்த பொன்னாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் வைத்தார்.

"மூணு தடவை இந்தக் கோவிலுக்கு வந்திருக்கேன். மாலை வாங்கிட்டுப் போயிட்டேன். வராதவங்க எங்கேன்னு ஒரு தடவையாவது நான் கேட்டிருக்கணும்," என்றார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரமே, பொழுது சாயும் நேரத்தில், வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு ஆயர் வந்தார். மாலை கூடாது, மேடை கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். தெரசா அக்கா வீட்டு வாசலில் பாய் விரித்தோம். "ஏனுங் சாமி, கீழயா உக்காருவீங்க?" என்று அக்கா பதறினார். அவர் உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் பேர் கேட்டார். பின்னால் பீடியோடு நின்ற என் கணவரையும் விடவில்லை. "அந்தோணி" என்று வேண்டாவெறுப்பாகச் சொல்லிவிட்டு இவர் நகர்ந்துவிட்டார்.

பங்குச் சாமியாருக்குத் துணையாக இன்னொரு சாமியாரை ஆயர் அனுப்பினார். வீரபாண்டியில் ஒரு பழைய தறிக் கொட்டகையில் ஞாயிறு இரவு பூசை தொடங்கியது. வேலைவிட்டு நேராக வருவோம், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு. வகுப்பும் அங்கேயே நடந்தது.

அந்த ஆவணியில் சகாயமேரிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆயரே கொட்டகைக்கு வந்து புதுநன்மை கொடுத்தார். பவனியாக உள்ளே போகும்போது என்னைப் பார்த்து, "இன்னைக்குச் சட்டையில படம் ஒண்ணும் இல்லையே?" என்று கேலி செய்தார். இரண்டடி நடந்தவர் நின்றார். வெளியே, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் என் கணவர் வழக்கம்போல ஒதுங்கி நின்றிருந்தார்.

"அந்தோணி, உள்ளே வாங்க. உங்க பொண்ணு நன்மை வாங்கறதைப் பார்க்க வேண்டாமா?"

அவர் என்னைப் பார்த்தார், ஆயரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

எனக்கு இன்னமும் அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்க வராது. அவசரக்காரி, ஆண்டவருக்கும் அது தெரியும். நீங்களும் எப்படி வருமோ அப்படியே கேளுங்கள். பதில் வெட்கப்படும்படி வந்தாலும் உட்கார்ந்துவிடாதீர்கள். அடுத்த முறை உங்கள் ஆயர் வரும்போது கையிலிருக்கும் மாலையை யாரிடமாவது கொடுத்துவிட்டு, உங்கள் பேரைச் சொல்லுங்கள். சகாயமேரி நன்மை வாங்கிய அன்று பூசையில் என் பக்கத்தில் இருந்து "ஆமென்" என்று பீடிப் புகையில் கரகரத்த ஒரு குரல் கேட்டது. அதற்காக நான் சாகும்வரை நன்றி சொல்லுவேன்.