ஜீப்புக்கு அளவெடுக்கும் கோகிலவாணி

பாயை விரித்து ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டால் கோகிலவாணியிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வெளியே தெரிவது இரண்டு பாதங்களும் மெட்டியும்தான். உள்ளிருந்து எண்கள் வரும். "ஒம்பதர. அப்பறம் நாலே கால். எழுதிக்கினீங்களா?" கணவர் இளவரசன் காதில் செருகிய பென்சிலை எடுத்துக் காலி சிமெண்ட் பையின் மேல் எழுதிக்கொள்வார். ஐந்து நிமிடம் கழித்துக் கோகிலவாணி வெளியே வரும்போது கழுத்தில் தையல்கடை டேப் தொங்கும். புடவைக்கு மேல் போட்டிருக்கும் இளவரசனின் பழைய காக்கிச் சட்டையில் கிரீஸ் அப்பியிருக்கும். எழுந்ததும் வண்டியைச் சுற்றி ஒரு நடை. பிறகு வண்டிக்காரரிடம் ஒரு கேள்வி: "எங்க புடிக்குது?"

முதல் முறை வருகிறவர்கள் விழிப்பார்கள். ரவிக்கை தைக்க வந்த பெண்களிடம், எங்கே இறுக்குகிறது என்று, இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்ட கேள்வி அது. இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஒரு டீக்கடைக்கும் வைக்கோல் போருக்கும் நடுவில் இருக்கிறது அவர்களுடைய தகரக் கொட்டகை. கல்வராயன் மலைக்கு ஏறி இறங்கும் பழைய ஜீப்புகளுக்கு இங்கேதான் உடம்பு செய்கிறார்கள். கதவு, தரைத்தகடு, பானெட், சக்கரத்தின் மேல் கவிழ்ந்திருக்கும் மட்கார்டு. கம்பெனியே செய்வதை நிறுத்திவிட்ட உருப்படிகள். சேலத்துப் பழைய சாமான் கடைகளில் தேடி அலுத்தவர்கள் கடைசியில் இங்கு வந்து நிற்பார்கள். வந்ததும் இளவரசனிடம்தான் பேசத் தொடங்குவார்கள். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "நான் பத்த வெக்கிறவன்தாங்க. அளவு, வெட்டு எல்லாம் அவங்க" என்று பாய் விரித்திருக்கும் பக்கம் கையைக் காட்டுவார்.

என் கார்க் கதவை வீட்டுக் கேட் நசுக்கியதால் நான் அங்கே போனேன். கதவு இரண்டே நாளில் சரியாகிவிட்டது. நான்தான் போவதை நிறுத்தவில்லை.

கோகிலவாணிக்கு ஊர் நைனார்பாளையம். அங்கே தையல் மெஷின் போட்டிருந்தார். கல்யாணமாகி வந்த பிறகு கொட்டகையின் ஓரத்தில் அதே மெஷினைப் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் இளவரசன் ஜீப் கதவுக்குத் தகடு வெட்டுவார், சேராது. இன்னொன்று வெட்டுவார், அதுவும் சேராது. மூன்றாவது தகட்டை எடுத்தபோது கோகிலவாணிக்குப் பொறுக்கவில்லை. "துணியக்கூட நேரா வெட்ட மாட்டோம். மொதல்ல பேப்பர்ல வெட்டிப் பாப்போம். நீங்க இன்னாடான்னா இரும்பப் போய் நேரா வெட்டிக்கினு கீறீங்க" என்றார். செய்தித்தாளில் வெட்டிக் காட்டினார். அந்தக் கதவு முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. மெஷின் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அதன் மேல் இப்போது வெல்டிங் கண்ணாடியும் தண்ணீர் பாட்டிலும்தான்.

செய்தித்தாள் கிழிகிறது என்று பிறகு பிளக்ஸ் பேனருக்கு மாறினார். விழா முடிந்து அவிழ்த்துப் போட்ட பேனர்களை வாங்கி வந்து அதில்தான் இப்போது அளவு வெட்டுகிறார். அதனால் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் ஒவ்வொரு மாதிரியிலும் யாரோ பாதி முகத்தோடு சிரிக்கிறார்கள். மஞ்சள் நீராட்டு விழா தாய்மாமன் ஒருவர் வலதுபக்கக் கதவு. காதுகுத்துக் குழந்தை பெட்ரோல் டேங்க் மூடி.

மரச் சுத்தியல், மணல் மூட்டை, தகடு வெட்டும் கத்தரி: இவை போதும் அவருக்கு. தகட்டை மணல் மூட்டை மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் குழிவு எடுப்பார். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி மட்டும் அவருக்கு ஆகாது. "அது பவுடரு சார். நாலு மழைக்கி அப்பறம் பாருங்க, மூஞ்சி தெரியும்" என்பார். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் யாருடைய வண்டியையாவது மோதிர விரலால் தட்டிப் பார்த்து, "மூணு எடத்துல பட்டி" என்று அறிவிப்பார். இளவரசன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். கல்யாண வீட்டில் பேச்சுக் கொடுத்தால் அவர் கண் நம் முகத்தில் இருக்காது. முன்வரிசைப் பெண்களின் ரவிக்கை முதுகில் இருக்கும். அது பழைய தொழிலின் பழக்கம்.

பழைய தொழில் இன்னொரு பழக்கத்தையும் கொடுத்திருக்கிறது. நைனார்பாளையத்தில் ஒரு மணப்பெண்ணுக்கு அவர் தைத்த ரவிக்கை, மாலை மாற்றக் கையைத் தூக்கியதும் அக்குளில் கிழிந்தது. "நின்னப்ப அம்சமா இருந்துச்சி சார். நிக்கறதுக்கா ஒருத்தி கண்ணாலம் பண்ணிக்கறா?" அன்றிலிருந்து அளவு பார்க்க யார் வந்தாலும் கையைத் தூக்கச் சொல்லாமல் விட்டதில்லை.

போன கார்த்திகையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சடையன் வந்தார். அறுபது வயது. அவருடைய ஜீப்புக்கும் ஏறக்குறைய அதே வயது. பட்டாளத்து ஏலத்தில் அவருடைய அப்பா எடுத்த வண்டி. மழையில் ஒரு வளைவில் வழுக்கி, இடதுபக்கம் பாறையில் மோதியிருந்தது. "பாற புடிச்சிக்கிச்சிம்மா. இல்லன்னா பள்ளந்தான்" என்று யாரோ உதவி செய்ததுபோலச் சொன்னார். இடது மட்கார்டு அப்பளமாகியிருந்தது. தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி. எடுக்கப் போன இடத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த தேதி திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மரவள்ளி பிடுங்க ஆள் சொல்லியிருந்தார் சடையன். அவர் ஊருக்கு லாரி ஏறாது. கிழங்கை ரோட்டுக்குக் கொண்டுவர இந்த ஜீப் ஒன்றுதான். பிடுங்கிய கிழங்கு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

கோகிலவாணி நல்லபடியாக இருந்த வலது மட்கார்டின் மேல் பேனரைப் போர்த்தி, கோடு போட்டு, வெட்டி, இடதுபக்கத்துக்காகத் திருப்பி வைத்துக்கொண்டார். நான்கு நாள் வேலை. வெள்ளிக்கிழமை பச்சை பெயிண்டும் அடித்தாயிற்று. சனிக்கிழமை மதியம் வண்டியில் பூட்டிப் பார்த்தார்கள். கண்ணுக்குக் குறையே இல்லை. சடையன் சாவிக்குக் கை நீட்டினார்.

"இருங்கணா. ஆளு ஏத்தணும்" என்றார் கோகிலவாணி.

"இங்க எதுக்கும்மா ஆளு?"

"மலையில எத்தினி பேர ஏத்துவீங்க?"

சடையன் சாலையின் இருபுறமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ரூல்ஸ் படிதாம்மா."

"போலீஸ் கேக்கலணா. நான் கேக்கறேன்."

"பன்னெண்டு. சந்த நாள்ல ரெண்டு ஜாஸ்தி."

"அந்த ரெண்டு எங்க ஒக்காரும்?"

"பானெட்டு மேல" என்றார் சடையன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த கால் மணி நேரம் கோகிலவாணி சாலையில் ஆள் பிடித்தார். டீக்கடைக் கண்ணாயிரம் நூறு கிலோவுக்குக் குறையாத மனிதர். "எண்ண கொதிக்குதும்மா" என்றார். "அடுப்பக் கம்மி பண்ணிட்டு வாங்க" என்று பதில் வந்தது. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் ஐந்து பேர், பஸ் வந்தால் நிறுத்தி ஏற்றிவிடுவதாக வாக்குறுதி வாங்கிக்கொண்டு ஏறினார்கள். வைக்கோல் ஏற்ற வந்தவர்கள் ஏறினார்கள். பானெட் மேல் நானும் கண்ணாயிரமும். எங்கே போகிறோம் என்று ஒரு பெண் கேட்டாள். எங்கேயும் இல்லை என்று தெரிந்ததும் வண்டி முழுக்கச் சிரிப்பு.

கொட்டகை எதிரே காலி இடத்தில் சடையன் வண்டியை மெதுவாக நகர்த்தினார். கோகிலவாணி இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியபடியே கூட நகர்ந்தார். "ஸ்டேரிங்க வலது பக்கம் ஒடிங்க. இன்னும். முழுசா." ஒரு சத்தமும் இல்லை. இளவரசன் கைதட்டினார்.

"இப்ப வலது சக்கரத்த அந்த மண்மேட்டுல ஏத்துங்க."

வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. பெண்கள் கூவினார்கள். கண்ணாயிரம் என் மேல் சரிந்தார். கீழே கர்ர்ரென்று ஒரு சத்தம். கோகிலவாணி கையை உயர்த்தினார். மட்கார்டின் உள்ஓரத்தைத் தடவி விரலைத் திருப்பிப் பார்த்தார். பச்சை பெயிண்ட் உரிந்து, டயரின் கறுப்பு அப்பியிருந்தது.

எல்லோரும் இறங்கிய பிறகு இளவரசன்தான் முதலில் பேசினார். "சமமா நின்னா இடிக்கலியே வாணி. பிரேக் இன்ஸ்பெக்டரு மேட்டுலயா ஏத்திப் பாக்கப் போறாரு?"

"அவுரு ஒரு தபா பாப்பாரு. இவுரு டெய்லி எறங்கணும்."

சடையன் கெஞ்சினார். "திங்கக்கெழமய வுட்டா அடுத்த தேதி பத்து நாளு கழிச்சிதாம்மா. கெழங்கு நிக்காது. இப்டியே குடு, நான் மொள்ள ஓட்டிக்கறேன்."

கோகிலவாணி விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வண்டியைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் போனார். பழைய மட்கார்டின் பின்ஓரத்தை உள்ளங்கையால் தடவினார். அங்கே ஒரு புடைப்பு. நீளவாக்கில், ஒழுங்கில்லாமல், ஒரு கட்டைவிரல் பருமனுக்கு வெளியே தள்ளியிருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அவர் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். 

"அளவு எடுக்கறப்ப இத நசுங்கல்னு நெனச்சிட்டேன். நானா இஸ்திரி போட்டு நேராக்கி வெட்டிட்டேன்" என்றார் கடைசியில். "இது நசுங்கல் இல்லணா. இத்தினி வருசமா வளைவுல இடிச்சி இடிச்சி டயரு தனக்கு எடம் பண்ணிக்கினு இருந்திருக்குது." பிறகு இளவரசன் பக்கம் திரும்பினார். "கத்தரி எடுங்க."

"புதுசு வாணி. பெயிண்டு கூட சரியா காயல."

"காஞ்சப்பறம் கிழிச்சா இன்னும் வயித்தெரிச்சலா இருக்கும்."

சடையனிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "நாளைக்கு இந்நேரம் குடுத்துடறேன். வூட்டுக்குப் போங்கணா." சடையன் போகவில்லை. கண்ணாயிரத்தின் பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனபோது மட்கார்டு அவர் மடியில் இருந்தது. ஓரத்திலிருந்து மேல்நோக்கி இரண்டு இடத்தில் கிழித்திருந்தார். ஒவ்வொரு கிழிசலுக்கும் நடுவில் வைக்க ஒரு முக்கோணத் துண்டு. ரவிக்கை அக்குளில் பிடித்தால் அவர் வைக்கும் அதே ஒட்டு. இளவரசன் பற்றவைத்தார், கோகிலவாணி தட்டினார். "பதினாலு பேர ஏத்தி ஒக்கார வெச்சி, என் தப்ப நானே ஊருக்குக் காட்டிட்டேன் சார்" என்றார் என்னிடம். சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தட்டினார்.

மதியம் மறுபடியும் ஆள் ஏற்றினார்கள். இந்த முறை யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கண்ணாயிரம் பஜ்ஜித் தட்டோடு பானெட் மேல் வந்து உட்கார்ந்தார். வண்டி மேட்டில் ஏறிச் சாய்ந்தது, சடையன் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்தார். பஜ்ஜி மெல்லும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. கோகிலவாணி மூன்று தடவை ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

சடையன் முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே மாரி இல்லியேம்மா. இந்தாண்ட கொஞ்சம் வீங்கினாப்ல கீது."

"வண்டிக்கு முன்னாடி நிக்கறவன் ஒதுங்குவானாணா, அளவு பாத்துக்கினு நிப்பானா?"

திங்கட்கிழமை மத்தியானம் சடையன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் மட்கார்டைத் தட்டிப் பார்த்து, இந்த மாடலுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டாராம். "கெடைக்கல சார், தெச்சதுன்னேன். அவுரு என்ன ஒரு மாரியா பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாரு." செவ்வாய்க்கிழமை கிழங்கு இறங்கியது.

தை மாதம் சடையன் கோகிலவாணியையும் இளவரசனையும் தம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். கூடவே என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். இத்தனை மலை ஜீப்புகளுக்கு உடம்பு செய்த கோகிலவாணி அதுவரை வெள்ளிமலைக்குப் பஸ்ஸில்தான் போயிருக்கிறார். சடையனின் ஜீப்பில் நானும் இளவரசனும் பின்னால் தொற்றிக்கொண்டோம். முன்சீட்டின் இடதுஓரத்தில் கோகிலவாணி. அவருக்கும் சடையனுக்கும் நடுவில் சடையனின் மனைவி பாப்பாத்தி. மலைச்சாலை தொடங்கியதும் பாப்பாத்தி பேச ஆரம்பித்தார். ஆட்டுக்கறி எப்படிச் செய்திருக்கிறார், சாமைச் சோறு எவ்வளவு வடித்திருக்கிறார், எத்தனை பேர் பார்க்க வருவார்கள்.

வலப்பக்கம் முழுக்க ஒடிக்க வேண்டிய முதல் வளைவு வந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். கோகிலவாணி வலது கையால் பாப்பாத்தியின் மணிக்கட்டைப் பிடித்துப் பேச்சை நிறுத்தினார். உடம்பைப் பள்ளத்தின் பக்கமாக வெளியே வளைத்து, இடது உள்ளங்கையை மட்கார்டின் மேல் பதித்து, கண்ணை மூடிக்கொண்டார். வண்டி நிமிரும்வரை கையை எடுக்கவில்லை.