அதே பெயரில் வேறொரு புயல்

தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் தெருவுக்கு வானிலை சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. போனில் ஆங்கிலம் படிப்பேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

அன்று கார்த்திகை அமாவாசை. வங்கக் கடலில் புயல் என்று டிவியில் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பி என் வாசலில் நின்றாள். போனால் மறுநாள் காலையில்தான் திரும்புவாள். புருஷனை இழந்தவள், ஒரு ஏக்கர் மானாவாரி நிலம். விதைக்கு வைத்திருந்த இரண்டு மூட்டை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மலையடிப் பாறையில் காயப் போட்டிருந்தாள். பாறையில் சூடு தங்கும் என்பதால் எங்கள் ஊரில் யாரும் சாயங்காலம் அள்ளி வருவதில்லை. குவித்துச் சாக்கால் மூடிவிட்டு வந்துவிடுவார்கள்.

"புயலுன்றாங்களேண்ணா. மல்லாட்டைய அள்ளியாந்து வச்சிட்டுப் போவட்டா? பஸ்சு வந்துடும்."

எனக்குத் தூக்கம் கலைந்த எரிச்சல். புயலின் பெயரைப் போனில் தட்டினேன். முதலில் வந்ததைப் படித்தேன். கரையைக் கடந்து வலுவிழந்தது என்று இருந்தது.

"அது ஓஞ்சி போச்சும்மா. நிம்மதியா போய்ட்டு வா."

மறுநாள் காலை டீயைக் கையில் எடுக்கும்போது மழை பிடித்தது. ஓடினேன். பாறையில் தண்ணீர் வழிந்து இறங்க, காய்களும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தன. இந்த வயதில் தனியாளாக எவ்வளவு அள்ள முடியும்? ஒரு கூடை தேறியது. அதுவும் நாலே நாளில் முளை விட்டது.

வீட்டுக்கு வந்து போனில் கடைசி வரி வரை படித்தேன். நான் சொன்ன புயல் பல வருஷங்களுக்கு முன் பசிபிக் கடலில் அடித்து ஓய்ந்தது. கடலுக்குக் கடல் பெயர்ப் பட்டியல் வேறாம். இரண்டிலும் ஒரே பெயர் இருந்து தொலைத்திருக்கிறது. எங்கள் தெருவிலேயே ஒரே பெயரில் மூன்று பேர் உண்டு. தகப்பன் பெயரைப் பார்க்காமல் ஒரு பட்டாகூட நான் எழுதியதில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. "நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க" என்று ஈரச் சாக்கை உதறினாள். விதை வாங்கித் தருகிறேன் என்றதற்கும் வேண்டாமென்றுவிட்டாள். அந்த விதைப்புப் பட்டத்தில் அவள் நிலம் சும்மா கிடந்தது. அவள் அவலூர்பேட்டைப் பக்கம் கூலிக்குப் போனாள்.

இந்த வருஷமும் புயல் என்கிறார்கள். எந்தக் கடல், எந்தத் தேதி என்று மூன்று முறை படித்துவிட்டு, அவள் கேட்க வருவாளென்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். அலுத்துப்போய்விட்டது, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயிலில் அவள் பாறைப் பக்கமிருந்து தலையில் மல்லாட்டை மூட்டையோடு வந்தாள். படித்ததைச் சொல்லலாமென்று நான் போனை எடுத்தேன்.

"சாப்டிங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.