தோற்றவரின் பாதித் திரை

ஒசாகாவின் மாச்சாமாச்சித் தெருவில் ஹமானகா டொமெகிச்சியைத் தெரியாதவன் பொம்மை வியாபாரியாக இருக்க முடியாது. பதினைந்து வயதில் ஷிகோக்குத் தீவிலிருந்து படகேறி வந்தவர். பள்ளிக்கூடம் அத்தோடு சரி. சைக்கிளின் பின்னால் ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டி கட்டி, ஆற்றுப் பாலங்களில் மூச்சிரைக்க மிதித்து, கடைசியில் அதே தெருவில் மூன்று மாடிக் கடை கட்டினார். யார் தூக்கிக் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. இந்தக் கேள்வியையும் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். எதிரில் இருப்பவர் கேட்கட்டும் என்று காத்திருக்கமாட்டார்.

"தோக்கியோல கோட்டு போட்டவன் எல்லாம் கூட்டம் போட்டு, எது விக்கும் எது விக்காதுன்னு மண்டைய உடைச்சிப்பான். நான் பெட்டியைக் கையில தூக்கினாலே சொல்லிடுவேன்" என்பார்.

"தூக்கிப் பாத்துச் சொன்னதாலதான் அந்தப் பேசற ஆமை அத்தனையும் மூணாவது மாடியில தூங்குது" என்பாள் மனைவி மசுயே, கல்லாவிலிருந்து தலை நிமிராமல்.

ஆமை வேறு கதை. ஆனால் அசகிரி கம்பெனியின் வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "இது நாடு பூரா போகும்" என்று முதலில் சொன்னவர் அவர்தான். அதை அந்தத் தெருவில் யாரும் மறுத்ததில்லை. அசகிரியின் முதலாளி பெயர் நிவா கோசாக்கு; தகரத் தவளை பொம்மை செய்து கொண்டிருந்த காலத்திலிருந்து ஹமானகாவுக்குக் கூட்டாளி. இரண்டு அறைப் பட்டறையில் நிவா தவளை செய்வார்; ஹமானகா அதைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விற்பார். தவளை போய்ப் பச்சை நிற கேம் பெட்டி வந்தது. பச்சைப் பெட்டி வந்த பிறகு நிவா பெரிய மனிதர். ஆனாலும் புதிதாக எது செய்தாலும், ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால், கானாங்கெளுத்தி மீன் வைத்து அழுத்திய சுஷிப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஹமானகாவின் கடை மாடிக்கு வந்துவிடுவார். இருவரும் தரைப்பாயில் உட்கார்ந்து மதியம் முழுக்க ஆடுவார்கள்.

ஆடினால் ஜெயிப்பது நிவாதான். அது அப்படித்தான் இருக்க வேண்டும். சரக்குத் தருகிறவரை கோல்ஃபிலோ மாஜாங் காயாட்டத்திலோ ஜெயித்துவிட்டு வருகிற வியாபாரியைப் பார்த்தால், இவனை வளர்த்தவர்கள் யாரோ என்றுதான் ஊர் கேட்கும். மற்றவர்கள் தோற்பதில் கள்ளம் தெரியும். ஹமானகா தோற்பதில் தெரியாது. கார்ப் பந்தய ஆட்டத்தில் கடைசி வளைவு வரை உயிரைக் கொடுத்து ஓட்டுவார், வியர்ப்பார், நிவாவின் காரை ஒரு கணம் முந்தவும் முந்துவார், பிறகு ஒரு மயிரிழையில் விட்டுவிட்டு, "அடடா, கைக்கு வந்தது போச்சே!" என்று தொடையில் அடித்துக்கொள்வார். இந்தத் திறமையைப் பற்றி மட்டும் அவர் மசுயேயைத் தவிர யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. பீற்றிக்கொண்டால் அப்புறம் அது என்ன திறமை?

அசகிரிக்கு இறங்குமுகம் வந்தது. தோக்கியோவின் பெரிய கம்பெனிகள் சினிமா போலப் படம் ஓடும் பெட்டிகளைக் கொண்டு வந்தன. நிவாவும் அவர்கள் பின்னால் ஓடினார். அடுத்தடுத்து அவர் விட்ட இரண்டு பெட்டிகள் கடைகளில் தூசி படிந்தன. மூன்றாவதாகக் கறுப்புப் பெட்டி. இதுவும் விழுந்தால் அசகிரி கேம் பெட்டித் தொழிலையே மூட வேண்டியதுதான் என்று தெரு முழுக்கப் பேச்சு. கோடைக்கு முன்னால் தொழிற்சாலையில் வேலை தொடங்கிவிடும். அதன்பின் ஒரு திருகாணியைக்கூட மாற்ற முடியாது.

மாதிரிப் பெட்டி ஒன்றை, இரண்டு ஜாய்ஸ்டிக்கோடு, நிவா முன்கூட்டியே கடைக்கு அனுப்பியிருந்தார். ஹமானகா அதைக் கீழே, வாசலை ஒட்டி, பெரிய டிவியில் மாட்டி வைத்தார். மூலையில் சின்ன டிவியில் பழைய பச்சைப் பெட்டி எப்போதும்போல் கிடந்தது. பிள்ளைகள் ஓடி வந்து கறுப்புப் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆ, எவ்வளவு அழகு!" என்றார்கள். ஒரு முறை ஆடினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக நழுவி மூலைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, முழங்கையால் இடித்து, கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கத்தினார்கள். வாசலில் கறுப்புப் பெட்டி தனியே பாடிக்கொண்டிருந்தது.

ஹமானகா ஒரு வாரம் கல்லாப் பக்கத்தில் நின்று பார்த்தார். அப்போதுதான் பிடிபட்டது. கறுப்புப் பெட்டியில் இரண்டு பேர் கார் ஓட்டினால் திரை ஆளுக்குப் பாதியாகப் பிரியும்; தோற்றவனின் பாதித் திரை கறுத்துவிடும். ஜெயித்தவன் அடுத்த பாதைக்குப் போய் ஓட்டிக்கொண்டே இருப்பான். தோற்றவன் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் விற்பனைக்கு வரும்போது இரண்டாவது ஜாய்ஸ்டிக் பெட்டிக்குள் கிடையாது. தனியாக வாங்க வேண்டும். பச்சைப் பெட்டியில் தோற்றவன் மறு நொடியே மறுபடி ஓடலாம். சிரித்துக்கொண்டே பழி வாங்கலாம்.

இது நிவாவுக்கு ஏன் தெரியவில்லை? கேள்வி எழுந்த மாத்திரத்திலேயே ஹமானகாவுக்குப் பதிலும் தெரிந்துவிட்டது. நிவா தோற்றதே இல்லை. தோற்றவனின் திரை எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை. அந்தத் திரையைப் பார்த்தபடி இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஹமானகா. அசகிரி ஆபீசிலும் அப்படித்தான். முதலாளியை ஜெயிக்க அங்கே யாருக்குத் தைரியம்?

அன்று சாப்பிடும்போது மசுயேயிடம் சொன்னார்.

"சொல்லிப் பாருங்களேன்."

"சொன்னேன். போன வாரம் போன்ல சொன்னேன். 'உனக்கு வயசாயிடுச்சு டொமே, கை நடுங்குது, அதான் தோக்குற, பசங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்ல'ங்கறான்."

மசுயே சிரித்துவிட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப வாயால சொன்னா ஏறாது."

"கையால சொன்னா, ஜெயிச்சுக் காட்டினா, மனுஷன் உடைஞ்சிடுவான்."

"சொல்லலைன்னா கம்பெனி உடைஞ்சிடும். உங்க கூட்டாளி, நீங்க முடிவு பண்ணுங்க" என்று அவள் ஊறுகாய்த் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

மாதக் கடைசியில் நிவா வந்தார். கையில் சுஷிப் பொட்டலம், பையில் தன் சொந்த ஜாய்ஸ்டிக். முகம் இளைத்திருந்தாலும் குரலில் பழைய மிடுக்கு.

"டேய் டொமே, இன்னிக்கு உன்னை அழ வைக்கப் போறேன் பாரு. மசுயே அம்மா, இவருக்குத் துண்டு எடுத்து வைங்க, கண்ணு தொடைக்க."

"எடுத்து வெச்சிருக்கேன், ரெண்டா" என்றாள் மசுயே. சொன்ன பிறகுதான் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

கறுப்புப் பெட்டியை மாடிக்குக் கொண்டுபோய் மாட்டி உட்கார்ந்தார்கள். கார்கள் கிளம்பின. ஹமானகா வழக்கம்போல் வளைவு வரை பின்னாலேயே போனார். கடைசி வளைவில், எப்போதும் விரலைத் தளர்த்தும் இடத்தில், தளர்த்தவில்லை.

நிவாவின் பாதித் திரை கறுத்தது.

"அட!" நிவா ஜாய்ஸ்டிக்கைத் தட்டிப் பார்த்தார். "என்னடா, கெட்டுப் போச்சா?"

"கெடல. நீ தோத்துட்டே."

"நானா?" என்று நிவா வாய்விட்டுச் சிரித்தார். "சரி சரி, கிழவனுக்கு இன்னிக்கு அதிர்ஷ்டம். சீக்கிரம் முடி, அடுத்த ஆட்டத்துல பாத்துக்கறேன்."

ஹமானகா முடிக்கவில்லை. அடுத்த பாதைக்குப் போய் ஓட்டினார். மலைச்சாலை, கடற்கரை, சுரங்கம். வேண்டுமென்றே நிதானமாக ஓட்டினார். நிவா முதலில் கால் மாற்றி உட்கார்ந்தார். சுஷிப் பொட்டலத்தின் கயிற்றை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். கறுத்த திரையில் தன் முகம் தெரிவதைப் பார்த்தார்.

"இது எவ்வளவு நேரம் இப்படியே இருக்கும்?"

"நீ செஞ்ச பெட்டிதானே?"

"நடுவுல உள்ள வர வழி இல்லையா?"

"இல்ல. நான் முடிச்சாதான். அப்புறமும் சிடி தட்டு சுத்தி, பாட்டுப் பாடி, முதல்லேருந்துதான். எங்க கடைப் பசங்க அதுக்குள்ள ஓடிடறாங்க. தோத்தவனுக்கு 'இன்னொரு தடவை'ன்னு கத்தத் தோணணும்டா நிவா. அதுதான் விக்கும். ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பெட்டிக்குள்ளயே போடு. தோத்தவனை அடுத்த நொடியே உள்ள விடு. அந்த சினிமாவை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு விலையைக் குறை. தோக்கியோக்காரன் செய்யறதைத் தோக்கியோக்காரன் செய்யட்டும்."

நிவா மறுபடி ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டார். இன்னொரு ஆட்டம் வைக்கச் சொன்னார். தோற்றார். இன்னொன்று. அதிலும் தோற்றார். தன்னால் ஒரு வளைவில்கூட ஹமானகாவை நெருங்க முடியவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. ஜாய்ஸ்டிக்கைப் பாயின் மேல் மெல்ல வைத்தார்.

"எப்பலேருந்துடா?"

ஹமானகாவும் தன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"பச்சைப் பெட்டியிலயுமா?"

"...ம்."

"மாஜாங்?"

"மாஜாங்ல நீ நெசமாவே கெட்டிக்காரன்."

அந்தப் பொய் மட்டும் கொஞ்சம் அவசரமாக வந்துவிட்டது. நிவா லேசாகச் சிரித்தார். "ஆபீஸ்ல பசங்களும் இப்படித்தானா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுஷிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே, மாடியேறி வந்த மசுயேயிடம் கொடுத்துவிட்டு, குனிந்து வணங்கிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு நடந்தது தெருவுக்கே தெரியும். கோடைக்கு வர வேண்டிய கறுப்புப் பெட்டி வரவில்லை. நிவா எல்லாவற்றையும் நிறுத்தினார். ஆபீசில் கூச்சல், பங்குக்காரர்களிடம் ஏச்சு. தாமதத்துக்கு நானே பொறுப்பு என்று நிவா கூட்டத்தில் தலை தாழ்த்தி, பெட்டி கடைக்கு வருகிற அன்றே பதவி விலகுவதாகச் சொன்னார். குளிர்காலத்தில் பெட்டி வந்தது. இரண்டு ஜாய்ஸ்டிக், குறைந்த விலை, தோற்றவன் அடுத்த நொடி உள்ளே. பெரியவர்கள் தந்த புத்தாண்டுக் கைக்காசோடு வந்த பிள்ளைகள் வரிசை பாலம் வரை நின்றது. தாய்மார்களும் வாங்கினார்கள், அறைக்குள் தனியாகக் கதவடைத்துக்கொள்ளாத விளையாட்டு என்று சொல்லிக்கொண்டார்கள். அசகிரி எழுந்து நின்றது.

பக்கத்துக் கடையில் காற்றாடிப் பட்டம் விற்கும் ஒக்குதா, ஹமானகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "யோவ், நிவாவை எப்படிய்யா மசிய வெச்ச? நீதானே? சொல்லேன், ஊருக்கே சொல்லுவியே!"

"அவனாத்தான் கண்டுபிடிச்சான். நான் பெட்டி தூக்கறவன்" என்றார் ஹமானகா.

ஒக்குதா நம்பவில்லை. காய்ச்சலா என்று மசுயேயிடம் போய்க் கேட்டார்.

சரக்கு முழுதும் தீர்ந்த செய்தியை நேரில் சொல்ல, இகோமா மலையடிவாரத்தில் இருக்கும் நிவாவின் வீட்டுக்கு ஹமானகா போனார். பதவி விலகிய பிறகு நிவா யார் கண்ணிலும் படவில்லை. கதவைத் திறந்தவர் அவரேதான். முழங்காலிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தார்.

"இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வந்திருக்கீங்க. உள்ள வாங்க ஹமானகா ஐயா."

"டேய், என்னடா ஐயா? பைத்தியமா?"

"உக்காருங்க. தேநீர் கொண்டு வரச் சொல்றேன்."

ஹமானகா கடைக்கு வந்த கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். தோற்ற பெண் ஒருத்தி அண்ணனின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி ஆடக் கத்தியதைச் சொன்னார். நிவா கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் பேசக் கேட்பதுபோல், சரியான இடங்களில் தலையாட்டிக் கேட்டார்.

"தோத்த பொண்ணு சிரிச்சுதுங்களா?"

"சிரிச்சுது. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சுது."

"ரொம்ப சந்தோஷம். உங்க உதவிக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

ஹமானகாவால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தார். "ஒரே ஒரு ஆட்டம். நெசமா ஆடுவோம். சத்தியமா விட்டுக் கொடுக்கமாட்டேன்."

நிவா பெட்டியைத் தொடாமல் பார்த்தார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் ஹமானகாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வேண்டாங்க. தோத்தா, இதுவரைக்கும் ஜெயிச்சதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஜெயிச்சா நம்பமாட்டேன். நீங்க சத்தியம் பண்ணாலும் நம்பமாட்டேன். உங்க மேல தப்பில்ல. முறைப்படிதான் நடந்துகிட்டீங்க."

தேநீர் ஆறியது. ஹமானகா எழுந்தார்.

நிவாவும் மனைவியும் வாசல் வரை வந்தார்கள். பெரிய இடத்து விருந்தினரை அனுப்புவதுபோல் தெருவில் இறங்கி நின்று, இடுப்பு வரை வளைந்து குனிந்தார்கள். ஹமானகா சிறிது தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். இன்னும் குனிந்தபடியே நின்றார்கள். மலைக்காற்று கத்திபோல் வீசிக்கொண்டிருந்தது. விருந்தினர் கண்ணிலிருந்து மறையும் வரை நிமிரமாட்டார்கள்; அதுதான் முறை. அவர் திரும்பி மறைய வேண்டிய தெருமுனை தொலைவில் இருந்தது. ஹமானகா வலிக்கும் முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நடக்கத் தொடங்கினார்.