தூணைக் கட்டிப்பிடித்த ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் மனைவியின் ஊர். அந்த ஊர்க் கோயில் மண்டபத்தில், ஊரே வேடிக்கை பார்க்க, ஒரு கல்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். பயம்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் சாண்ட் பிளாஸ்டிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். துருப்பிடித்த இரும்பின் மேல் சொரசொரப்பான மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்தால், துருவும் பழைய பெயின்டும் பறந்து இரும்பு பளிச்சென்று ஆகிவிடும். பல வருடமாக இதே வேலை. என் வாயும் அதே அழுத்தத்தில்தான் ஓடும். அந்த வாய்தான் பொங்கல் விருந்தில் என்னை மாட்டிவிட்டது.

கோயில் பல நூற்றாண்டுப் பழசு. தூண்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, சிற்பம் எது, கறை எது என்றே தெரியாது. பழைய கோயில்களைச் சுற்றிப் பார்க்கும் குழு ஒன்று சென்னையிலிருந்து வேனில் வரப்போவதாகத் தகவல். கோயில் கமிட்டித் தலைவரான என் மச்சான், "வர்றவங்க முன்னால மானம் போயிடும் மாமா" என்று புலம்பினான். "ஒரே காலையில எல்லாத் தூணையும் நேத்து செஞ்ச மாதிரி ஆக்கிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். வாயில் அப்போது வடை இருந்தது. மென்றுகொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வேன் வரும் நாளும் வந்தது. காலையிலேயே காற்றடிக்கும் கம்ப்ரசரும் மணல் பீய்ச்சும் ஹோஸும் வந்து இறங்கின. எங்கள் தொழிலில் எதையும் நேராகப் போய் அடிக்க மாட்டோம். உதவாத தகடு ஒன்றில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம். கல்லுக்கு எங்கே போவது? கோயிலை ஒட்டித்தான் மச்சான் வீடு. அவன் மனைவி தன் அம்மியைக் காட்டினாள். அடித்தேன். கறுப்பெல்லாம் போய் அம்மி வெள்ளை வெளேரென்று ஆனது. கூட்டம் கை தட்டியது. அரசியல்வாதி மாதிரி நாலு பக்கமும் திரும்பிக் கும்பிடு போட்டேன்.

அவள் அம்மியைத் தடவிப் பார்த்தாள். "சூப்பர்ணா! அம்மி கொத்துறவன் இந்தப் பக்கமே வர்றதில்ல. நீங்க கொத்திக் குட்த்துட்டீங்களே! இனிமே மொளகா சும்மா பட்டு மாரி அரையும்."

கொத்திவிட்டேனா? அம்மி கொத்துவது என்றால் உளி வைத்துக் கல்லின் மேல்தோலைப் பெயர்ப்பது. நானும் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்த கல், ரவை கொட்டிய மாதிரி இருந்தது. இரும்பில் இதைத்தான் ஆசைப்பட்டுச் செய்வோம், பெயின்ட் நன்றாகப் பிடிக்கட்டும் என்று. அழுக்கோடு சேர்த்து மேல்தோலையும் மணல் தின்னும். தினமும் பார்க்கிற சங்கதி, கோயில் என்றதும் மண்டையில் ஏறவே இல்லை.

முதல் தூணில் ஒரு நாட்டியக்காரி. கால் விரலில் நகம்கூடச் செதுக்கியிருந்தான் புண்ணியவான். மூக்கு எள்ளளவு. என் மணலுக்கு முன்னால் அந்த மூக்கு எத்தனை நேரம் தாங்கும்?

உண்மையைச் சொல்ல என் கௌரவம் விடவில்லை. "காத்து பத்தல மச்சான்" என்றேன். பின்னால் கம்ப்ரசர் ஊர் அதிர உறுமிக்கொண்டிருந்தது. "வால்வுல லீக்கு" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.

"இன்னா மாமா, ஊரைக் கூட்டி வெச்சிக்கினு இப்ப போயி பேஜாரு பண்ற? வேன் பெரியபாளையம் தாண்டிச்சாம். நவுரு, நானே அடிக்கிறேன்" என்று மச்சான் ஹோஸைப் பிடுங்கினான்.

மூளை யோசிப்பதற்குள் கால் ஓடிவிட்டது. போய் அந்தத் தூணைக் கட்டிக்கொண்டேன். புதுச் சட்டையில் பல தலைமுறை எண்ணெய்ப் பிசுக்கு அப்பிக்கொண்டது.

"மாமாவுக்கு சாமி வந்துட்ச்சி டோய்!" என்று ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. உன் ஊட்டு அம்மியைத் தொட்டுப் பாருடா! அப்புறம் வந்து இவ மூஞ்சியைத் தொட்டுப் பாரு!" என்று கத்தினேன். கம்பீரமாகச் சொல்லத்தான் நினைத்தேன், கீச்சுக்குரல்தான் வந்தது.

போனான். தொட்டான். திரும்பி வந்து நாட்டியக்காரியின் கன்னத்தை விரல் நுனியால் தடவினான். போய்க் கம்ப்ரசரை நிறுத்தினான்.

வேன் வந்தது. வந்தவர்களில் ஒரு அம்மா பக்கவாட்டில் டார்ச் அடித்தார். பிசுக்குக்குள்ளிருந்து கொலுசு, நகம், ஒரு குறும்புச் சிரிப்பு என்று ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. "எவ்ளோ நல்லா வச்சிருக்கீங்க!" என்று அவர் சொன்னதுதான் தாமதம், மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"எங்க ஊர்ல தூண்மேல ஒரு பயலக் கை வெக்க வுட மாட்டோம் மேடம்."

பிசுக்கு அப்பிய சட்டையோடு பின்னால் நின்றிருந்த நான் பலமாகத் தலையாட்டினேன். இதே வீரக் கதையை இப்போதெல்லாம் அவன் என்னிடமே சொல்கிறான். கேட்டுக்கொண்டு சிரிக்கத்தான் செய்கிறேன். ஆனால் அத்தனை நூற்றாண்டு வெயிலையும் மழையையும் தாங்கி நின்ற ஒருத்தி, நல்லது செய்ய வந்த ஒரு மாப்பிள்ளையிடம் கண்மூடித் திறப்பதற்குள் போயிருப்பாள் என்ற நினைப்பு மட்டும் இன்னும் என்னை விட்டபாடில்லை.